கிணற்றை விசாரிக்கப் போன கதை

உபசாரம் அதிகமாக இருக்கும் இடத்தில் நான் கேமராவை எடுப்பதில்லை. முதலில் காரணத்தைத் தேடுவேன். கோயமுத்தூரைச் சுற்றி இத்தனை வருடங்கள் ஆவணப் படங்கள் எடுத்து அலைந்ததில் வந்து சேர்ந்த புத்தி இது. குப்பைக்கிடங்கு, கல்குவாரி, செம்மண் தோண்டிய பள்ளம், கோழிப்பண்ணை ஈ என்று நான் எடுக்கப் போகும் எதையும் யாரும் ஆசையாகக் காட்டுவதில்லை. கேட்டிலேயே நிறுத்துவார்கள், எந்தப் பத்திரிகை என்பார்கள், யார் அனுப்பினார்கள் என்பார்கள், என் வண்டி நம்பரை அவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். விரட்டினால் எனக்கு நிம்மதிதான், அங்கே படம் இருக்கிறது என்று அர்த்தம். வாங்க வாங்க என்று நாற்காலி போட்டால்தான் சுற்றுமுற்றும் பார்ப்பேன். ஒரு தொழிற்சாலையில் இளநீர் வெட்டிக் கொடுத்துச் சுற்றிக்காட்டினார்கள். நான் முன்வாசலில் நின்று உறிஞ்சிக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாகக் கழிவு டேங்கர் போய்விட்டது. அன்றிலிருந்து இளநீர் என்றாலே எனக்குச் சந்தேகம்.

பால்காரர் சிரித்தால்கூடப் பாலை முகர்ந்து பார்க்கிறவள் நான் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். அந்தப் பால் ஒருநாள் திரிந்துதான் போயிற்று.

அந்த வருடம் நான் கிணறுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையிலுள்ள தோட்டங்களில் சில கிணறுகளின் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. சாயப்பட்டறைக்காரர்கள் கழிவை எங்கேயோ விடுகிறார்கள், எப்போதோ விட்டது மண்ணுக்குள் இறங்கிக் கிடக்கிறது என்று ஆளுக்கொரு பேச்சு. ஆனால் எந்தக் கிணறு என்று கேட்டால் மட்டும் ஊரே ஊமையாகிவிடும். "எங்களுது நல்ல தண்ணிங்க, அக்கட்டத் தோட்டத்துல வேண்ணாக் கேட்டுப் பாருங்க" என்பார்கள். அக்கட்டத் தோட்டத்துக்காரர் அதற்கடுத்த தோட்டத்தைக் காட்டுவார். இப்படியே போனால் பாலக்காட்டில்தான் போய் நிற்கவேண்டும். தண்ணீர் கெட்டது தெரிந்தால் நிலத்தின் விலை இறங்கிவிடும், அதற்குத்தான் பயப்படுகிறார்கள் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை.

சோமனூரில் தறிக்குடோன் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், குறிப்பிட்ட ஒரு தோட்டத்தைச் சொன்னார். மோட்டார் போட்டதும் தண்ணீர் சிவப்பாக வருகிறதாம். மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிராமங்களுக்குப் போகும்போது சேலைதான் கட்டுவேன், கேமராவை ஒயர் கூடைக்குள் வைத்துத் துண்டு போட்டு மூடிவிடுவேன். பார்த்தால் யாரோ ஒரு வீட்டுச் சித்தி மாதிரி இருக்கவேண்டும் என்பது என் திட்டம். திட்டம் அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது.

ஊர் முக்கில் இருந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தி, அந்தத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எப்படி என்று பட்டும் படாமலும் கேட்டேன். டீக்கடைக்காரர் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "தண்ணிக்கு என்னங்கம்மணி, கல்கண்டு. ஆனா தண்ணியவிட அந்தப் பையன் தங்கமுங்க. பீடி சிகரெட் கெடையாது, சீட்டாட்டம் கெடையாது" என்றார்.

நான் கேட்டது தண்ணீரை. பையனுக்கு எதற்கு நற்சான்றிதழ்? பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பூமியில ஒரு வில்லங்கமும் இல்லீங்க" என்றார். இன்னொருவர், அந்த வீட்டு அம்மா சண்டை சச்சரவுக்கே போகாதவர் என்றார். டீக்குக் காசு கொடுத்தேன், டீக்கடைக்காரர் வாங்கமாட்டேன் என்றுவிட்டார். சாயப்பட்டறைக்காரன் ஊரையே பேசி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். இருந்தாலும் வழக்கம்போல என் கார்டை நீட்டி, தண்ணீரைப் பற்றி ஏதாவது தெரிந்தால் கூப்பிடச் சொன்னேன். அந்தக் கார்டில் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் இருக்கும். போட்டோகிராபர் என்று அச்சடித்த கார்டைக் கொடுத்தால் ஊர் எல்லையிலேயே வழி தப்பாகச் சொல்வார்கள்.

எனக்கு முன்னால் டீக்கடையிலிருந்து போன் போயிருக்கவேண்டும். நான் போய்ச் சேரும்போது தோட்டத்து கேட் திறந்திருந்தது, நாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா ஓடி வந்து, "வாங்கம்மணி, வாங்க. இந்த வெயில்ல வண்டியிலயா வந்தீங்க?" என்று என் கூடையை வாங்கப் பார்த்தார். நான் கூடையை விடவில்லை. அவர் கணவர் மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்து கும்பிட்டார். முப்பத்தைந்தைத் தாண்டிய மகன் அவருக்குப் பின்னால் சட்டைக் கைப்பொத்தான்களைப் போட்டபடி நின்றான். உட்காருவதற்குள் தட்டில் கச்சாயம் வந்தது, அதன் பின்னால் காப்பி வந்தது. ஒரம்பரை என்கிற உறவுக்காரர்களுக்குச் செய்கிற எல்லாமே நடந்தது. இந்த மூன்று பேருக்கும் என்ன கொடுத்திருப்பார்கள், பணமா, இல்லை மிரட்டலா என்று கச்சாயத்தைக் கடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மணிக்கு எந்தூருங்க? காடு எந்தப் பக்கமுங்க?" என்று பெரியவர் கேட்டார். கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கு உள்ளே வேறொரு கேள்வி இருக்கும். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. கோயமுத்தூர் என்று மட்டும் சொன்னேன். எல்லாம் புரிந்துவிட்டது போல அவர் தலையாட்டினார். பிறகு வீட்டைச் சுற்றிக்காட்டினார்கள். புதிதாகக் கட்டிய குளியலறை, மாடி ஏறும் படி, மாடுகள், மகன் படித்த பட்டம் மாட்டிய சுவர் எல்லாம் பார்த்தாயிற்று. கிணற்றை விசாரிக்க வந்தவளுக்கு வாஷிங் மெஷினை ஏன் ஓட்டிக்காட்டுகிறார்கள்?

தண்ணீரைப் பார்க்கவேண்டும் என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுக்கென்னுங்க, வாங்க" என்று பெரியவர் எழுந்து, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சிமெண்ட் தொட்டிக்குக் கூட்டிப்போனார். தொட்டி தளும்பத் தளும்ப நின்றது. அடியில் கிடந்த பாசி வரை தெரிந்தது. அவரே ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு எனக்கும் கொடுத்தார். நான் ஒரு வாய் குடித்தேன். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு நாக்கில் ஒரு உப்பும் கனமும் உண்டு. இது குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர். குனிந்து பார்த்தேன். தொட்டியை ஒட்டிய ஈர மண்ணில் லாரிச் சக்கரத்தின் தடம் அழுந்திக் கிடந்தது. பாதையோரத்துத் தென்னை மட்டை லாரி உயரத்துக்கு முறிந்திருந்தது.

மாட்டினாயா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கேமராவை வெளியே எடுத்தேன். பெரியவர் தடுப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு மகனைக் கூப்பிட்டார். "வந்து இங்க நில்லு சாமி. தொட்டியோட சேத்து எடுங்கம்மணி. நாளைக்குப் பொண்ணும் பாக்கோணுமல்லங்க."

"எந்தப் பொண்ணுங்க?" என்றேன்.

அந்த அம்மாதான் மெல்ல, "நீங்க பொண்ணு ஊட்டுல இருந்து விசாரிக்க வந்தவங்கதானுங்க?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசினால், பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டையும் காடு தோட்டத்தையும் பார்க்க ஊரோடு வருவார்கள். அதற்கு முன்னால் சத்தமில்லாமல் ஒரு ஆளை அனுப்பி டீக்கடை, ரேஷன் கடை என்று விசாரிப்பார்கள். பூமி எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எப்படி, பையன் எப்படி என்று அந்த ஆள் கேட்டுக்கொண்டு போவார். சேலை கட்டி, கூடையோடு வந்து, தண்ணீர் எப்படி என்று நான் கேட்டால் ஊர் வேறு என்ன நினைக்கும்? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போயிற்று.

நான் போட்டோகிராபர், கெட்டுப்போன கிணறுகளைப் படமெடுக்கிறேன் என்று சொன்னேன். அந்த அம்மா துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரியவர் நம்பவில்லை. இதுவும் பெண் வீட்டார் வைக்கும் சோதனை என்று நினைத்தார். "உங்கள அந்தப் பொண்ணோட பெரியப்பன்தானுங்க அனுப்புனது? நெசத்தச் சொல்லிப்போடுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கேமராவில் இருந்த மற்றக் கிணறுகளின் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் குரல் இறங்கியது.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். மகனுக்கு வந்த வரன்களெல்லாம் இப்படித்தான் வந்து போயின. வருவார்கள், சாப்பிடுவார்கள், வீடு நன்றாக இருக்கிறது என்பார்கள், கிணற்று மேட்டில் ஒருமுறை எட்டிப்பார்ப்பார்கள். ஊருக்குப் போய், ஜாதகம் சேரவில்லை என்று சொல்லியனுப்புவார்கள். நம்ம பக்கத்தில் பெண் கிடைப்பதே குதிரைக்கொம்பு, இதில் தண்ணீரும் இப்படி என்றால் யார் கொடுப்பார்கள்? வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வீட்டார் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் கிணற்றுக்குப் பலகை போட்டு மூடிவிட்டு, லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பி வைத்திருந்தார்கள். "இதுவும் தட்டிப்போச்சுன்னா என்ற பையனுக்கு இனிக் கல்யாணமே இல்லீங்க. எடுத்ததை அழிச்சுப்போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

அழிக்க மாட்டேன் என்றேன். எனக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. பரிதாபத்தைக் காட்டிப் படத்தை அழிக்க வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இப்படி வாதாடிக்கொண்டிருக்கும்போது மகன் மோட்டார் ரூமுக்குள் போனான். சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. குழாய் இரண்டு தடவை இருமியது, பிறகு தண்ணீர் கொட்டியது. மருதாணி அலசிய தண்ணீர் போல ஒரு சிவப்பு. வாய்க்காலில் விழுந்த இடத்தில் நுரை கட்டி நின்றது.

"எடுத்துக்குங்க" என்றான் என்னிடம்.

"டேய்!" என்று அப்பா கத்தினார்.

"எத்தன பேருக்குப்பா லாரித் தண்ணியக் காட்டறது? வர்றவ இதுலதான குளிக்கோணும்?"

நான் எடுத்தேன். எடுக்கும்போதே, இவன் நஷ்டஈட்டு வழக்குப் போட ஆதாரம் தேடுகிறானோ என்று ஒரு யோசனை ஓடியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஓடியது. கிளம்பும்போது அந்த அம்மா கேட் வரைக்கும் வந்து, ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது வாய் திறக்கவேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானாகப் போய் யாரிடமும் சொல்லமாட்டேன், யாராவது நேராகக் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன் என்றேன். உங்களிடம் யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர் கொஞ்சம் தெம்பாகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. இளம்பெண் குரல். "ஏனுங்க, நீங்க எந்தப் பொண்ணு ஊட்டுக்காரங்க?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

நான் யாருமில்லை என்று சொல்லி வைக்கப்போனேன். இப்படி யார் யார் பெயரிலோ பேசி, என்ன படம் வைத்திருக்கிறாய் என்று வேவு பார்க்கிறவர்கள் உண்டு. அவள் விடவில்லை. அவளுடைய பெரியப்பா மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அந்த டீக்கடைக்குப் போயிருக்கிறார். டீக்கடைக்காரர், உங்களுக்கு முன்னாலேயே ஒரு அம்மா வந்து விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று பெருமையாக என் கார்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வேறொரு பெண் வீட்டார் முந்திக்கொண்டார்கள் என்று இவள் வீட்டில் ஒரே கலவரம். கார்டைப் பெரியப்பாவின் சட்டைப்பையிலிருந்து எடுத்து இவளே கூப்பிட்டிருக்கிறாள்.

நான் யார், என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னேன். "அப்ப நீங்க பாத்திருப்பீங்க. அங்க கெணத்துத் தண்ணி எப்படிங்கக்கா?" என்றாள்.

நேராகக் கேட்டுவிட்டாள். நீ அந்தப் பெண்தான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றேன். சட்டென்று வீடியோ காலுக்கு மாற்றினாள். தலைவாராத முகம், பின்னால் ஒரு தென்னை, யாரோ வருகிறார்களா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்கள். அந்தப் பதற்றத்தை நடித்துவிட முடியாது. சொன்னேன். தண்ணீரின் நிறத்தைச் சொன்னேன், லாரியைச் சொன்னேன். சொல்லும்போது அந்த அம்மா பிடித்த கை நினைவுக்கு வந்தது. அதனால் மோட்டாரைப் போட்டுக் காட்டியது அந்தப் பையன்தான் என்பதையும் விடாமல் சொன்னேன்.

"அவருங்களா? அவரேயா போட்டாரு?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

பிறகு நடக்க ஆரம்பித்தாள். போனில் தரையும் செருப்பும் மாறி மாறித் தெரிந்தன. ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. போனைத் திருப்பிப் பிடித்தாள். குழாயிலிருந்து சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இது எங்க ஊடுங்க. அவங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நாங்களும் லாரி வெச்சுத்தான் தொட்டிய நெரப்புனோம். ஒருத்தரும் அவங்ககிட்டச் சொல்லல. நானுஞ் சொல்லல."

அப்பாவிடம் சொல்லப்போகிறாயா என்று கேட்டேன். சொன்னால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றுவிடுவார் என்றாள். உங்கள் வீட்டிலேயே இதே தண்ணீர்தானே என்றேன். "நம்ம தண்ணி நமக்குப் பழகிப்போச்சுங்கக்கா. அடுத்தவங்க தண்ணின்னா அப்படியா?" என்றாள்.

அவளுக்கு யோசனை எல்லாம் தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வரட்டும். அதற்குள் நான் வந்து இந்தக் கிணற்றையும் எடுக்கவேண்டும். திங்கட்கிழமை இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடவேண்டும். "ரெண்டும் வந்துச்சுன்னா எங்கப்பா எந்த மூஞ்சிய வெச்சுட்டு வேண்டாம்பாரு?" என்றாள்.

என் தொழிலில் தன் வீட்டுக் கிணற்றை வந்து எடு என்று என்னைக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான். மறுநாள் காலையில் நொய்யலைத் தாண்டி அவள் ஊருக்குப் போனேன். வீட்டில் எல்லோரும் விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். முகம் தெரியலாமா என்று கேட்டேன். "கெணறு தெரிஞ்சாப் போதுமுங்க. மூஞ்சி கல்யாணப் போட்டோவுல வரட்டும்" என்று ஒதுங்கி நின்றுகொண்டாள்.

படங்கள் ஒரு இணைய இதழில் திங்கட்கிழமை வந்தன. ஊர், பேர் எதுவும் போடவில்லை, ஆனால் அவரவர் கிணற்று மேடு அவரவருக்குத் தெரியாதா? மத்தியானம் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்து என்னைத் திட்டித் தீர்த்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அவங்க தண்ணி நம்மளதவிட நெம்பச் செவப்புங்களே" என்றார். சாயங்காலம் பெண்ணின் அப்பா பேசினார். அவரும் திட்டினார், அவருக்கும் அதே சமாதானம்தான், அவர் கணக்கில் மாப்பிள்ளை வீட்டுத் தண்ணீர்தான் சிவப்பு. கல்யாணம் நின்றுபோகவில்லை. அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். கிணறுகள் அப்படியேதான் இருந்தன.

அடுத்த வருடம் அவளிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரித்த பிறகு, "அக்கா, நல்ல தண்ணி வர்ற கெணறு ஏதாச்சும் போட்டோ எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள், யார் கேட்கச் சொன்னார்கள் என்றுதான் என் புத்தி முதலில் போயிற்று.

"ஏழாவது மாசமுங்க. நல்ல தண்ணியாப் பாத்துக் குடிக்கோணும்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போகோணும், அங்கயும் இதே கதைதான, உங்களுக்கே தெரியும். எந்தூர்ல நல்ல கெணறு இருக்குதுன்னு சொன்னீங்கன்னா, அந்தப் பக்கம் ஒரம்பரை யாராச்சும் இருக்காங்களான்னு பாத்து அங்க போய் இருந்துக்குவேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. கம்ப்யூட்டரில் கிணற்றுப் படங்களை முழுவதும் திறந்து பார்த்தேன். சிவப்பு, பழுப்பு, கருநீலம், நுரை, செத்து மிதக்கும் மீன். தெளிந்த தண்ணீர் இருந்த தோட்டங்களுக்கும் நான் போனதுண்டு. லாரித் தண்ணீராக இருக்கும் என்று சக்கரத் தடத்தைத் தேடிவிட்டு, படம் எடுக்காமல் திரும்பியிருக்கிறேன். எந்த ஊர், யார் வீடு என்று ஒன்றும் ஞாபகமில்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு இல்லை என்று சொன்னேன்.

"போட்டோ இல்லீங்களா, கெணறே இல்லீங்களாக்கா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.